ஒரே கம்ப்யூட்டர், இரண்டு வீடு



சிங்காநல்லூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம். சுவிட்சைப் போட்டதும் 'எந்த வீட்டுக்குப் போகணும்?' என்று கேட்கும். நமது மலருக்காக 1998-ல் தட்டச்சு செய்த கட்டுரைகளை ஒருநாள் லினக்ஸில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். அதில் மறைந்த நம் ஆசிரியர் ஒருவரின் கட்டுரையும் உண்டு. கையெழுத்துப் பிரதி யாரிடமும் இல்லை. பகீர் என்றது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்குதுங்க. ஆப்பிளின் ட்ரூடைப் எழுத்துரு, லினக்ஸ், தமிழுக்கும் இடம் தந்த யூனிகோடு மூன்றுமே 1991-ல் வந்தவை. 1992-ல் விண்டோஸ் 3.1 ட்ரூடைப்பை ஏற்றது. ஆனால் யூனிகோடு நம் கைக்கு வரப் பல வருஷம் ஆயிற்று. அதுவரை ஆளாளுக்கு ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தார்கள். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ன' வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களையும் ஒரு விசைப்பலகையையும் ஏற்றது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. 2010 ஜூன் 23 அன்று, நம்ம கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாளில், யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக்கி அரசாணை வந்தது.

சரி, என் கட்டுரை என்ன ஆயிற்று? ட்ரூடைப் கோப்பு இரண்டு வீட்டுக்கும் பொது. விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டருக்கு லினக்ஸிலிருந்து ஓர் இணைப்புக் கொடுத்து, எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டி, பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். ஆசிரியரின் தமிழ் திரையில் வந்து நின்றது! கண் கலங்கிவிட்டது.

ஆனால் 'மாணவர்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணுக்குத்தான் தமிழ், மெஷினுக்கு அது இன்னும் ஆங்கில எழுத்தே. மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, வரி வரியாகப் பிழை திருத்திய பிறகே நிம்மதி.

நண்பர்களே, உங்கள் பீரோவில் பழைய ஃபிளாப்பி, சிடி கிடந்தால் தூக்கிப் போட்டுறாதீங்க. எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தம்பிகளே, அவற்றை மாற்றித் தரும் வேலை உங்களுடையது. எழுத்துரு தொலைந்தால் எழுதியவரும் தொலைந்துபோவார்.