கட்டி என்று ஒரு பெயர்

குழந்தையின் கழுத்தில் மெத்தென்று ஒரு வீக்கம். இருட்டறையில் டார்ச்சை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவி முழு வீக்கமும் ஒளிரும். உள்ளே இருப்பது நிணநீர். 1843இல் ஜெர்மனியின் கீசன் நகரத்து அறுவை மருத்துவர் அடால்ஃப் வெர்னர் இதற்கு 'சிஸ்டிக் ஹைக்ரோமா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஹைக்ரோஸ்' என்றால் ஈரம். 'ஓமா' கட்டியைக் குறிக்கும் விகுதி.

என்னைப் போல மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும்: ஒரு மாறிக்குத் தப்பான பெயர் வைத்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அந்தப் பெயரை நம்பித்தான் கோட் எழுதுவார்கள். இங்கேயும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. கட்டி என்றால் வெட்டி எடுக்கணும். ஆனால் இது முகத்தசை நரம்பையும் ரத்தக் குழாய்களையும் சுற்றிப் படரும். முழுக்க எடுக்கப் போனால் நரம்புக்கு ஆபத்து. மிச்சம் வைத்தால் திரும்ப வரும். புற்றே இல்லாத ஒன்றுக்காகச் சில குழந்தைகள் வாய் கோணி வளர நேர்ந்தது.

மாற்றுப் பார்வைக்கு விதை 1902இலேயே விழுந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபுளோரன்ஸ் சேபின், பன்றிக் கருக்களின் நிணநீர்க் குழாய்களுக்குள் மை செலுத்தி, அவை சிரைகளிலிருந்து முளைத்துக் கிளைப்பதைக் காட்டினார். அப்படிக் கிளைக்கும்போது ஒரு பகுதி சரியாக இணையாமல் போனால் நிணநீர் தேங்கிப் பை பையாக உப்பும். ஆனால் பெயர் மாற 1982 வரை ஆனது. பாஸ்டனில் மல்லிகனும் குளோவாக்கியும், செல்கள் பெருகுகிறவை கட்டிகள், குழாய்கள் தப்பாக அமைந்தவை உருவக் கோளாறுகள் என்று பிரித்தார்கள். ஹைக்ரோமா இரண்டாவது வரிசைக்குப் போனது.

கத்திக்கு மாற்றும் வந்தது. கிருமித் தொற்றுக்குப் பிறகு இந்த வீக்கம் சிலருக்குத் தானாகவே சுருங்குவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். 1987இல் ஜப்பானின் ஓகிடா குழுவினர், பெனிசிலினால் முடக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸில் தயாரான ஓகே-432 என்ற மருந்தைப் பைக்குள்ளேயே ஊசியால் செலுத்தி, வீக்கம் சுருங்கியதைப் பதிவுசெய்தார்கள். பெரிய பைகளில் இது நன்றாக வேலை செய்கிறது. நுண்ணறைகளாகப் படர்ந்தவற்றில் அவ்வளவாக இல்லை. அவற்றில் சிலவற்றுக்கு இன்று சிரோலிமஸ் தருகிறார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்த மருந்து அது. மூச்சுக்குழலை அழுத்தும்போது அறுவை இன்றும் தேவைப்படுகிறது.

ஆனாலும் பழைய பெயர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த 'ஓமா'வைப் பார்த்ததும் புற்றுநோயோ என்று பதறுகிற பெற்றோர், "எப்போ ஆபரேஷன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "பெரிய பைகளா, சின்ன அறைகளா?" என்று கேட்டால், சிகிச்சையைப் பற்றிய பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.