பாட்டன் சொத்தா வாக்குச் சீட்டு?

ஆளைக் கொடு, கரியைத் தருகிறேன் என்றது பெல்ஜியம். அழைத்துப் போ என்றது இத்தாலி. 1946-ஆம் ஆண்டு அவ்விரு சர்க்கார்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் சாரம் இதுதான். போரிலே நொறுங்கிக் கிடந்த இத்தாலிக்கு நிலக்கரி தேவை. பெல்ஜியத்தின் சுரங்கங்களுக்குக் கூலியாட்கள் தேவை. வறுமை வாட்டிய இத்தாலிய உழவன், வயலை விட்டு, வயிற்றுக்காக வண்டி ஏறினான்.

பத்தாண்டு கழித்து, 1956 ஆகஸ்ட் 8-ஆம் நாள், மார்சினெல் என்னும் ஊரிலுள்ள சுரங்கத்திலே தீப்பற்றியது. மாண்டவர் 262 பேர். அவர்களிலே 136 பேர் இத்தாலியர்.

அந்த 136 பேரும் இத்தாலியக் குடியரசின் குடிமக்கள். 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை உண்டு, அந்த வாக்கு சமமானது, சுதந்திரமானது, இரகசியமானது என்று முழங்கிற்று. முழக்கம் இனித்தது; வழக்கம் கசந்தது! வாக்களிக்க விரும்பினால் சுரங்கத் தொழிலாளி சொந்த ஊருக்குத் திரும்பி வரவேண்டும். இரயில் கட்டணத்திலே சலுகை உண்டு. இழக்கும் கூலிக்கு ஈடு உண்டா? பெல்ஜியத்திலோ அவன் அந்நியன், அங்கும் வாக்கில்லை. உழைக்கும் நாட்டிலே அவனுக்கு உரிமையில்லை. உரிமையுள்ள நாட்டிலே அவனுக்கு உணவில்லை! அவன் அனுப்பிய பணம் மட்டும் தடையின்றி எல்லை தாண்டிற்று. அவன் எண்ணம் எல்லையிலே நின்றது.

வெளிநாட்டில் வாழும் குடிமகனுக்கும் வாக்களிக்க வழி வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது, தோழர்களே! ஆனால், நியாயமான கோரிக்கையும் எவர் கையிலே சிக்குகிறது, எந்த எண்ணத்தோடு எடுத்தாளப்படுகிறது என்பதைப் பொறுத்து வேறு உருவம் பெற்றுவிடும். இத்தாலியின் கதை அதைத்தான் காட்டுகிறது.

1876 முதல் 1915 வரை இத்தாலியை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர். அர்ஜென்டினா, பிரேசில், அமெரிக்கா என்று அவர்கள் சிதறினர். அவர்களைக் கையைவிட்டுப் போகவிட மனமில்லாத இத்தாலிய அரசு, 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகக் குருதி வழிக் குடியுரிமையை உறுதி செய்தது. தந்தை இத்தாலியனா, மகனும் இத்தாலியன். எந்த மண்ணிலே பிறந்தாலும் சரி! 1992-இல் வந்த புதிய சட்டமும் இத்தனை தலைமுறையோடு முடிந்தது என்று கோடு கிழிக்கவில்லை.

வெளிநாட்டு இத்தாலியருக்கு வாக்கு வேண்டுமென்று பல்லாண்டு ஓயாது பேசியவர் மிர்க்கோ திரெமாலியா. இளமையிலே, முசோலினி வடக்கு இத்தாலியில் நாஜிகளின் நிழலில் நடத்திய சாலோ அரசுக்காகப் படையில் சேர்ந்தவர். 1972 முதல், பாசிசத்தின் எச்சமாக எழுந்த கட்சியின் சார்பிலே பாராளுமன்றத்தில் அமர்ந்தவர். கடல் கடந்தாலும் குருதி குருதிதானே, தாயகப் பற்று நம் பக்கமன்றோ சாயும் என்பது வலதுசாரிகளின் கணக்கு.

2000, 2001-ஆம் ஆண்டுகளிலே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டு இத்தாலியருக்கென்றே தனித் தொகுதி. கீழ்ச்சபையிலே 12 இடம், செனட் சபையிலே 6 இடம். 2001 இறுதியிலே அஞ்சல் வழி வாக்களிக்கச் சட்டம் வந்தது. திரெமாலியா, வெளிநாட்டு இத்தாலியருக்கான அமைச்சராகவே ஆகிவிட்டார்.

2006 ஏப்ரலில் பொதுத்தேர்தல். செனட் சபைக்கான உள்நாட்டு இடங்களிலே பெர்லுஸ்கோனியின் வலதுசாரி அணிக்கு 155, பிரோடியின் அணிக்கு 154. ஓரிடம் கூடுதல் பெற்றோர் வெற்றி வாயிலிலே நின்றனர். அப்போது வந்தது வெளிநாட்டு வாக்குப் பெட்டி! ஆறு இடங்களிலே நான்கு பிரோடிக்கு, ஒன்று பெர்லுஸ்கோனிக்கு, ஒன்று, அர்ஜென்டினாவிலே வாழ்ந்த ஒரு சுயேச்சைக்கு. 158-க்கு 156 என்று முடிந்தது கணக்கு. பெர்லுஸ்கோனி ஆட்சி போயிற்று. அதனுடன் திரெமாலியாவின் அமைச்சர் பதவியும் போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது!

குருதிக்குக் கட்சி உண்டா? கொள்கை உண்டா? மனிதன் சிந்தித்து வாக்களிக்கிறான். நரம்பிலே ஓடும் இரத்தம் வாக்களிப்பதில்லை.

ஆயினும், பிறப்பை அடிப்படையாக்கியதால் விளைந்த முரண்பாடுகளைப் பாருங்கள். 2020-இல் நடந்த பொதுவாக்கெடுப்பு பாராளுமன்றத்தைச் சுருக்கிற்று. இன்று கீழ்ச்சபையின் 400 இடங்களில் வெளிநாட்டினருக்கு 8. வெளிநாடு வாழ் இத்தாலியர் பதிவேட்டிலே இருப்போர் 60 லட்சத்துக்கும் மேல். அதாவது, ஏழரை லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். உள்நாட்டிலோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மக்களுக்கு ஓர் உறுப்பினர். வாக்கு சமமானது என்ற 48-ஆவது பிரிவு என்னாயிற்று? எல்லோருக்கும் உரிமை என்று கதவைத் திறந்தவர்கள், உள்ளே வரும் கூட்டத்தைக் கண்டு அஞ்சி, கதவைப் பாதி சாத்திவிட்டார்கள்.

முரண்பாடு அதோடு நிற்கவில்லை. கொள்ளுப்பாட்டன் கப்பலேறிய ஊரின் பெயர்கூட அறியாதவன், குடியுரிமைத் தாள் பெற்று வாக்களித்தான். ரோமாபுரியிலே தெருவைப் பெருக்குபவன், முதியோரைப் பேணுபவள், தக்காளித் தோட்டத்திலே வெயிலில் வேகுபவன்—அந்நியர் என்று அழைக்கப்படும் இவர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர்—பாராளுமன்றத் தேர்தலிலே வாக்கற்றவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்பாலிருந்து வந்தவன் குடியுரிமை கேட்பதற்கே பத்தாண்டு அங்கு வாழ வேண்டும். அதை ஐந்தாண்டாக்க 2025 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் வந்தால்தான் முடிவு செல்லும். மூன்றில் ஒரு பங்கினர்கூட வரவில்லை. அதே ஆண்டிலேதான் குருதி வழிக் குடியுரிமைக்கும் இரண்டு தலைமுறை என்று வரம்பு கட்டப்பட்டது. பிறப்பை மட்டும் நம்பிக் கட்டிய கட்டடத்துக்கு அதைக் கட்டியவர்களே முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால், வரி கட்டாதவனுக்கு வாக்கு எதற்கு என்று வாதிடுவோர் கூறுவது சரியா? சரியன்று! ஒன்றுபட்ட இத்தாலி 1861-இல் பிறந்தபோது, மக்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட வாக்கில்லை. நம் நாட்டிலும் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொத்தும் வரியுமே வாக்காளனைத் தீர்மானித்தன. வரியை அளவுகோலாக்கினால் செல்வனுக்குச் சீட்டு, ஏழைக்குப் பூட்டு! ஒரு நாட்டின் சட்டம் எவன் வாழ்வை ஆளுகிறதோ, அவனுக்கு அச்சட்டத்தை ஆக்குவதிலே பங்கு வேண்டும். இதுவே பகுத்தறிவுக்கு ஒத்த அளவுகோல். பிழைக்கப் போய்த் திரும்பி வரப்போகிறவன், குடும்பத்தை ஊரிலே விட்டவன், இந்த அளவுகோலிலே தேறுவான். குடியேறி உழைப்பவனும் தேறுவான். பாட்டன் பெயரை மட்டும் காட்டுபவன் தேற மாட்டான்.

இந்த அளவுகோலை நம் நாட்டின் மீதும் வைத்துப் பார்ப்போம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்டவனுக்கு இங்கு வாக்கில்லை. எனவே, கொள்ளுப்பேரன் தொல்லை நமக்கில்லை. நம் தொல்லை மார்சினெல் தொழிலாளியின் தொல்லை. 2010-இல் செய்த திருத்தத்தின்படி வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் வாக்காளராகப் பதியலாம். ஆனால், வாக்களிக்க, கடவுச்சீட்டோடு தன் ஊர்ச் சாவடிக்கு நேரில் வர வேண்டும். 2024 தேர்தலுக்குப் பதிந்திருந்தோர் 1,19,374 பேர். வந்து வாக்களித்தோர் 2,958 பேர். அவர்களிலும் 2,670 பேர் கேரளத்தவர். வளைகுடாவிலே கட்டடம் கட்டும் கொத்தனார், ஒரு வாக்குக்காக விமானம் ஏறுவாரா? ஏறினாலும், முதலாளி விடுப்புத் தருவாரா?

மாற்றாள் வழியாக வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையிலே நிறைவேறி, 2019-இல் அவை கலைந்ததும் காலாவதியாயிற்று. அதற்காக வருந்த வேண்டியதில்லை. தன் வாக்கைப் பிறன் கையிலே கொடுத்தபின் இரகசியம் ஏது? படைவீரருக்கு உள்ள மின்வழி அஞ்சல் வாக்கை இவர்களுக்கும் விரிக்கலாமென்று 2020-இல் தேர்தல் ஆணையம் எடுத்துரைத்தது. அதிலும் விழிப்பு வேண்டும். 2018-இல் தென் அமெரிக்கத் தொகுதியிலே வென்ற இத்தாலிய செனட்டர் ஒருவர், போனஸ் அயர்ஸ் நகரத்து வாக்குச் சீட்டுகளிலே நடந்த மோசடி காரணமாக 2021-இல் பதவி இழந்தார். தபாலிலே வரும் சீட்டை எழுதிய கை எது என்று பெட்டிக்குத் தெரியாது! தூதரகத்திலே சாவடி அமைத்தாலும், தொழிலாளர் விடுதியிலிருந்து அங்கு போய்வர விடுப்பும் வண்டியும் வேண்டும்.

ஆகவே தோழர்களே, உரிமை வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். யாருக்கு, எந்த அடிப்படையிலே, எவ்வளவு காவலோடு என்று கேளுங்கள். சட்டப் புத்தகத்திலே எழுதப்பட்ட உரிமை, கூலிக்காரன் கைக்கு எட்டும் வரையில் அது வெறும் எழுத்துத்தான். வாக்குச் சீட்டு பாட்டன் விட்டுச் சென்ற சொத்தன்று. பயணச் சீட்டு வாங்க வக்குள்ளவனின் சலுகையுமன்று. ஆளப்படுகிறவனின் ஆயுதம் அது. அதை அவன் நிற்கும் இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே மக்களாட்சியின் வேலை!