யானை அழுததா?

மார்கழி விடுமுறைக்குச் சில நாட்கள் முன்பு பத்தாந்தர மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போனேன். பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் வழக்கம்போல் மான்கள் எதிர்ப்பட்டன. ஊர் மனிதரோடு பழகிப்போன மான்கள். வாழைப்பழத் தோல் கண்டால் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றில் ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, “சேர், இந்த மான் அழுகுதோ?” என்று கேட்டாள்.

புள்ளிமானின் கண்ணோரத்தில், மூக்கை நோக்கி இறங்கும் கறுத்த பிளவு ஒன்று உண்டு. அது ஈரமாய் மினுங்கும்போது கண்ணீர் போலத்தான் தோன்றும். உண்மையில் அது மணத்தைச் சுரக்கும் ஒரு சுரப்பி. மான் அந்த மணத்தைச் செடிகொடிகளில் தேய்த்துத் தன் நடமாட்டத்தைப் பிற மான்களுக்கு அறிவிக்கும். இதை அவளுக்குச் சொன்னேன். ஆனால் விலங்கு அழுமா என்ற அவளது கேள்வி சிறுபிள்ளைக் கேள்வியன்று. சார்ள்ஸ் டார்வின் இதே கேள்வியை யானையைக் குறித்துக் கேட்டார். அதற்கு விடை எழுதியவர் நமது திருகோணமலையில் மதகுருவாய் இருந்த ஒருவர்.

அவர் வணக்கத்துக்குரிய எஸ். ஓ. கிளெனி. ஆங்கிலேய அரசின் மதகுருவாக இங்கு நெடுங்காலம் பணியாற்றிப் பின்னர் கொழும்பில் உயர்பதவி பெற்றவர். பிரசங்க மேடையை விடக் காடுகளே அவருக்கு விருப்பமான இடமாயிருந்தன போலும். நமது சுற்றுப்புறக் காடுகளில் அவர் சேகரித்த செடிகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளரான துவெயிற்ஸுக்குச் சென்றன. ‘கிளெனியா’ என்று ஒரு மரவினம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1867ஆம் ஆண்டளவில் டார்வின் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்து உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். வியப்பில் கண்ணும் வாயும் அகலத் திறக்கின்றனவா? நாணத்தில் முகம் சிவக்கிறதா? துயரத்தில் வாயின் ஓரங்கள் கீழ்நோக்கி வளைகின்றனவா? இப்படிப் பதினாறு வினாக்கள். ஞாபகத்தை நம்பாமல் நேரே கண்டதை மட்டும் எழுதுங்கள் என்ற வேண்டுகோளும் உடன் சென்றது. முப்பத்தாறு பேர் விடை அனுப்பினர். அவை 1872இல் வெளிவந்த ‘மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகளின் வெளிப்பாடு’ என்ற நூலில் இடம்பெற்றன. இலங்கையிலிருந்து கிளெனி தமது வினாக்கள் சிலவற்றுக்கு விடை அனுப்பியதாக டார்வின் அந்நூலின் முன்பகுதியில் எழுதுகிறார்.

இத்தனை சிரமம் எதற்கு? கறுப்பரும் வெள்ளையரும் வெவ்வேறு இனப் படைப்புகள் என்று கற்றறிந்தோரே வாதாடிய காலம் அது. அமெரிக்காவில் அடிமை முறைக்காக நடந்த போர் 1865இல்தான் முடிந்திருந்தது. ஐரோப்பியரைக் கண்டறியாத மனிதனும் அதே தசைகளைச் சுருக்கி அழுகிறான், அதே புருவத்தை உயர்த்தி வியக்கிறான் என்று காட்டிவிட்டால், எல்லோரும் ஒரே மூதாதையின் மக்கள் என்பதற்கு அது வலுவான சான்றாகும். மனமும் உடலைப் போலவே கூர்ப்பின் வழி வந்தது என்பதும் அதனோடு சேர்ந்து நிலைபெறும்.

இனி யானைக்கு வருவோம். குழந்தை வீரிட்டு அழும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் இறுகச் சுருங்குகின்றன. அந்த அழுத்தமே ஆதியில் கண்ணீரை வரவழைத்திருக்க வேண்டும், பின்னர் அது பழக்கமாகி, சத்தமின்றி அழும்போதும் கண்ணீர் வருகிறது என்பது டார்வினின் கொள்கை. அப்படியானால், அழும் விலங்கு வேறு ஏதும் இருந்தால் அதுவும் கண்ணைச் சுருக்க வேண்டுமல்லவா? இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற், பிடிபட்டுக் கட்டுண்டு கிடந்த யானைகளின் கண்களிலிருந்து இடைவிடாது நீர் வழிந்ததாக 1859இல் எழுதியிருந்தார். டார்வின் துவெயிற்ஸிடம் விபரம் கேட்டார். கிளெனியும் வேறு சிலரும் புதிதாகப் பிடிக்கப்பட்ட யானைக் கூட்டமொன்றைப் போய்ப் பார்த்தனர்.

யானைகள் சினமூட்டப்பட்டபோது பயங்கரமாகப் பிளிறின. கண்ணைச் சுற்றிய தசைகள் சுருங்கவில்லை. கண்ணீரும் வரவில்லை. யானை அழுது தாங்கள் கண்டதே இல்லை என்று உள்ளூர் வேட்டைக்காரர் உறுதியாகக் கூறினர்.

டார்வின் இதை மறைக்கவில்லை. அடிக்குறிப்பில் முழுவதையும் எழுதினார். எனினும், ரெனன்ற் இவ்வளவு தெளிவாக எழுதியதைச் சந்தேகிக்க முடியாதென்றும், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் காவலாளனும் அதற்குச் சாட்சி என்றும் முடிவு கட்டினார். புதிதாய்ப் பிடிபட்ட யானைகள் தம்மை வதைப்போரைக் கவனிக்க விரும்பியதால் கண்ணைச் சுருக்கவில்லை, ரெனன்ற் கண்டவை நம்பிக்கையிழந்து வீழ்ந்தவை என்று சமாதானமும் சொன்னார். கெட்டிக்காரத்தனமான சமாதானந்தான். ஆனால் யார் சொல் ஏறியது, யார் சொல் ஏறவில்லை என்று பாருங்கள். கிழக்குக் கரையில் யானை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பணிக்கர்கள் இருந்தார்கள். யானையின் மூச்சை வைத்தே அதன் மனத்தை அறியக்கூடியவர்கள். டார்வினின் குறிப்பில் வரும் வேட்டைக்காரருக்குப் பெயர் இல்லை.

இன்றைய அறிவியல் வேட்டைக்காரர் பக்கமே சாய்கிறது. நமக்கு மிகுதிக் கண்ணீரை மூக்கினுள் வடிக்கும் சிறு குழாய் உண்டு. யானைக்கு அது இல்லை. ஆகவே கண்ணை நனைக்கும் நீர் கன்னத்தில் வழிகிறது. யானைக்குத் துயரம் உண்டு, இறந்த தன் இனத்தின் எலும்பருகே நெடுநேரம் நிற்கும். ஆனால் துயரத்தால் கண்ணீர் வடிப்பது மனிதனுக்கே உரிய இயல்பு என்பதுதான் ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து.

தமிழாசிரியன் என்ற வகையில் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, மருட்கை, அச்சம், வெகுளி முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. உள்ளத்து உணர்ச்சி மெய்யிற் படுவது என்ற அந்தப் பெயரே அழகானது. அதற்காக, டார்வினுக்கு முன்பே நாம் எல்லாம் சொல்லிவிட்டோம் என்று மேடையில் முழங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எதனால் அழுகை பிறக்கிறது என்று நம் நூல் கேட்டது. அழும்போது ஏன் இந்தத் தசை சுருங்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

யானைக்கு நேர்ந்ததை விட மோசமானது வேடருக்கு நேர்ந்தது. இலங்கைச் சிவில் சேவை அதிகாரி ஹார்ட்ஷோர்ன் 1876இல் எழுதிய கட்டுரையொன்றில், வேடர் ஒருபோதும் சிரிப்பதில்லை என்று அடித்துச் சொன்னார். என்ன வேடிக்கை காட்டியும் சிரிக்கவில்லையாம்; கேட்டதற்கு, சிரிக்க என்ன இருக்கிறது என்றார்களாம். டார்வின் மறைந்த பின் 1890இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் இதுவும் குறிப்பாக ஏறிவிட்டது. மனிதர் யாவரும் ஒன்றே என்று நிறுவ எழுந்த நூலில், சிரிக்கத் தெரியாத மனிதர் என்று ஒரு கூட்டம்! அந்தக் காலத்தில் வேடரின் மண்டையோடுகள் ஐரோப்பாவுக்குப் போயின. மூளையின் கொள்ளளவை அளந்து, கூர்ப்பின் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது மண்டையோடுகளை 2019இல்தான் வேடர் தலைவரிடம் கையளித்தது.

அதிகாரியொருவர் முன்னால் நிறுத்திச் சிரி என்றால் யார்தான் சிரிப்பார்? அந்த வேடர் கேட்ட கேள்வியே நல்ல பகிடியாக எனக்குப் படுகிறது. நமது மாவட்டத்தின் தெற்கே, மூதூருக்கு அப்பால் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். அப்பக்கத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் இரண்டு வருடம் படித்தான். அவன் சிரிக்கத் தொடங்கினால் வகுப்பை அடக்க எனக்குப் பத்து நிமிடம் வேண்டும்.

விடுமுறை முடிந்து வந்ததும் டார்வினின் கடைசி வினாவை மாணவரிடம் வைத்தேன். ஆம் என்பதற்குத் தலையை மேலும் கீழும், இல்லை என்பதற்குப் பக்கவாட்டிலும் ஆட்டுகிறார்களா? குழந்தை பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்புவதிலிருந்தே மறுப்பின் தலையசைவு வந்திருக்கலாம் என்று டார்வின் எண்ணினார். ஆனால் எல்லா நாட்டிலும் இது ஒரே மாதிரி இல்லை என்றும் கண்டார். இதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, “விளங்கிச்சுதோ?” என்று கேட்டேன். முப்பது தலைகளும் ஒருசேர, இடமும் வலமுமாய், நமக்கே உரிய பாணியில் சாய்ந்து சாய்ந்து ஆடின.