பந்தயம் காணச் செல்வோர் காணத் தவறும் ரூபே

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வடபிரான்சின் ரூபே நகருக்குப் பல்லாயிரம் பேர் வந்து சேர்கின்றனர். வெளியூரிலிருந்து வருவோரில் பலர் தங்குவது ஓரிரு நாட்களே. பாரீசிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் லீல் நகரம். அங்கே ஓர் இரவு. மறுநாள் மெட்ரோ ரயிலில் ரூபே. மாலையில் வெலோட்ரோம் எனப்படும் மிதிவண்டி ஓடுகளத்தின் படிகளில் அமர்ந்து, புழுதியோ சேறோ அப்பிய முகங்களுடன் வீரர்கள் உள்ளே நுழைவதைக் கண்டுவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். சாலையோரத்தில் நின்று பார்க்கவும் கட்டணம் இல்லை. ஆகவே ஐரோப்பாவில் பயிலும் மாணவர்களுக்கும் இது கைக்கெட்டும் பயணமே. ஆயினும், பாரீஸ்–ரூபே பந்தயத்தை மட்டும் கண்டு திரும்புவோர் அப்பந்தயத்தை உருவாக்கிய நகரத்தைக் காணாமலேயே திரும்புகின்றனர் என்பது என் எண்ணம். அதன் காரணத்தை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் ரூபே, கம்பளி நூற்பாலைகளும் நெசவாலைகளும் புகைபோக்கிகளும் நிறைந்த நகரம். எல்லைக்கு அப்பாலுள்ள பெல்ஜியத்திலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் பெருந்திரளாக வந்து குடியேறின. ஆண்களோடு பெண்களும் சிறுவர்களும் ஆலைகளில் உழைத்தனர். அதனால் அரசியலும் ஆலையைச் சுற்றியே சுழன்றது. 1892இல் நகராட்சி சோசலிஸ்டுகளின் கைக்கு வந்தது. 1893இல் ரூபே தொகுதி, பிரெஞ்சு மார்க்சியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூல் கெட்டை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1898இல் அவரைத் தோற்கடித்தவர் எஜேன் மோத் என்னும் ஆலை அதிபர்.

இந்த இரு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பந்தயம் பிறந்தது. தியோதோர் வியென், மொரீஸ் பெரேஸ் என்னும் இரு ஜவுளி முதலாளிகள் 1895இல் ரூபேயில் ஒரு வெலோட்ரோமைக் கட்டினர். அதற்குக் கூட்டம் சேர்க்க வேண்டியிருந்தது. பாரீசில் தொடங்கித் தம் களத்தில் முடியும் ஒரு நெடுந்தொலைவுப் பந்தயத்தை நடத்துமாறு, ‘லெ வெலோ’ என்னும் விளையாட்டு நாளேட்டுக்கு 1896இல் அவர்கள் எழுதினர். போர்தோ–பாரீஸ் என்னும் புகழ்பெற்ற பந்தயத்துக்கு இது பயிற்சியாக அமையும் என்று வாதிட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 19 அன்று, சுமார் 280 கிலோமீட்டர் ஓடி முதலில் ரூபேயை அடைந்தவர் ஜெர்மானியரான யோசெஃப் ஃபிஷர். நாளேட்டின் விற்பனை, களத்தின் நுழைவுக் கட்டணம், நகரின் பெருமை ஆகிய மூன்றும் சேர்ந்து பெற்றெடுத்த பந்தயம் இது. வெளியூர்க் கூட்டத்தை ரூபேக்கு வரவழைப்பது அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று என்பதால், இன்றைய இருநாள் பயணியின் வருகை அன்றே திட்டமிடப்பட்டதுதான்.

‘வடக்கின் நரகம்’ என்று இப்பந்தயத்தைக் குறிப்பிடுவது வழக்கம். கரடுமுரடான பாவுகற்களால் வந்த பெயர் என்றே பார்வையாளர் பலர் கருதுகின்றனர். அது போரினால் வந்த பெயர். முதல் உலகப் போரால் தடைப்பட்டிருந்த பந்தயத்தை 1919இல் மீண்டும் நடத்த முனைந்தபோது, பாதையைப் பார்வையிட ஒரு குழு வடக்கு நோக்கிச் சென்றது. குண்டுக் குழிகளும், இடிந்த ஊர்களும், மொட்டையாய் நின்ற மரங்களும் அவர்களை எதிர்கொண்டன. அந்த நிலத்தைக் கண்டவர்கள் எழுதிய சொல்லே பந்தயத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. அவ்வாண்டு வென்ற ஆன்ரி பெலிசியே இலக்கை அடைய 12 மணி நேரத்துக்கும் மேலாயிற்று.

அந்த நிலம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. லீலுக்கு மேற்கே உள்ள நெவ் ஷப்பேலில் 1915 மார்ச்சில் இந்தியப் படைப்பிரிவுகள் போரிட்டன. 1927இல் அங்கே எழுப்பப்பட்ட நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் சிப்பாய்களோடு தொழிற்படையினரும் உண்டு.

இனி பாவுகல்லின் கதைக்கு வருவோம். பந்தயம் தொடங்கிய காலத்தில் பாவுகல் ஒரு சிறப்பம்சமே அல்ல. வடக்கின் சாலைகள் பெரும்பாலும் அவ்வாறே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவற்றின் மேல் தார் படர்ந்தது. பந்தயத்தைத் தொலைக்காட்சி காட்டத் தொடங்கியதும் அந்த வேகம் கூடியது. கல் சாலைகளைக் கண்டு நாடு தம் ஊர்களைப் பின்தங்கியவை என்று எண்ணிவிடுமோ என உள்ளூர் மேயர்கள் அஞ்சினர். 1960களின் நடுவில், பாதையில் எஞ்சிய கல் சாலை ஏறத்தாழ 20 கிலோமீட்டராகச் சுருங்கிற்று. அமைப்பாளர்கள் கல்லைத் தேடி அலைய நேர்ந்தது.

அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1962இல் சாலைப் பந்தயத்தின் உலக வாகையர். அரென்பெர்க் காட்டின் ஊடே செல்லும் நேர்க்கோட்டுக் கல் பாதையை அவரே சுட்டிக்காட்டினார். 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1968இல் பந்தயத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டு எடி மெர்க்ஸ் வென்றார். ஸ்தாப்லின்ஸ்கி வேலை செய்த சுரங்கம் அந்தப் பாதைக்குக் கீழேதான் இருந்தது. நிலத்தடியில் கரி தோண்டப்பட்டதால் மேற்பரப்பு அமிழ்ந்ததும் அப்பாதையின் மேடுபள்ளங்களுக்கு ஒரு காரணம். அங்கே வீரர்களின் மிதிவண்டிகள் அதிரும்போது நம் கண்முன் நிகழ்வது, தோண்டியெடுக்கப்பட்ட உழைப்பின் பின்விளைவும்கூட.

காலவரிசையைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். வென்றவருக்குப் பாவுகல்லைப் பரிசாகத் தரும் வழக்கம் 1977இல் தொடங்கியது. கல் சாலைகளைக் காக்கும் ஆர்வலர் அமைப்பு 1980களின் தொடக்கத்தில் உருவாயிற்று. அரென்பெர்க் சுரங்கம் மூடப்பட்டது 1989இல். அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990இல். இதே காலத்தில் ரூபேயின் ஆலைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2012இல் சுரங்க வட்டாரம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பின்தங்கிய நிலையின் அடையாளமென்று மறைக்கப்பட்ட கல், அந்தச் சாலைகளைச் சூழ்ந்திருந்த தொழில்கள் அழியும்போதுதான் போற்றத்தக்க மரபாயிற்று. இன்று சுமார் 260 கிலோமீட்டர் பாதையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் பாவுகல். அதைத் தோட்டக்கலைப் பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் செப்பனிடுகின்றனர். பாராட்டத்தக்க பணி. ஆனால் சாலையின் கல்லைக் காப்பது எளிது. ஆலை மூடியபின் அங்கு உழைத்தோரின் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது கடினம். பிரான்சின் மிக வறிய நகரங்களின் வரிசையில் ரூபே இன்றும் நிற்கிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. ஆலைகளில் தொடக்கத்திலிருந்தே பெண்கள் உழைத்த இந்நகருக்கு, பெண்களுக்கான பந்தயம் வந்து சேர 2021 ஆயிற்று. முதலில் வென்ற லிஸ்ஸி டெய்க்னனுக்குரிய பரிசுத்தொகை 1,535 யூரோ. ஆண்களில் வென்றவருக்கு 30,000 யூரோ. ஒரே நகரம், ஒரே களம். கூலி மட்டும் வேறு. தொழிலாளர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

ஆகவே, செல்ல வாய்ப்புள்ளவர்கள் பயணத்தை ஒரு நாள் நீட்டித்துக்கொள்ளுங்கள். மோத்–போசு நூற்பாலை, செங்கல்லில் எழுப்பிய கோட்டையைப் போல நகர நடுவே நிற்கிறது. நிறுவனங்களின் ஆவணங்களையும் தொழிற்சங்கங்களின் ஆவணங்களையும் ஒருசேரப் பேணும் ‘தொழில் உலகின் தேசிய ஆவணக் காப்பகம்’ இப்போது அதனுள் இயங்குகிறது. அங்கிருந்து சற்று நடந்தால் ‘லா பிசீன்’. சோசலிச நகராட்சி 1932இல் மக்களுக்காகத் திறந்த நீச்சல் குளம் அது. வீட்டில் குளியலறை இல்லாதோர் அங்கே குளித்தனர். 2001 முதல் அது அருங்காட்சியகம்.

அதன்பின் வெலோட்ரோமுக்குச் செல்லுங்கள். வீரர்கள் குளிக்கும் பழைய அறையில், கான்கிரீட் தடுப்புகள் ஒவ்வொன்றிலும் முன்னாள் வெற்றியாளர் ஒருவரின் பெயர்ப்பலகை பதிக்கப்பட்டிருக்கும். அப்பெயர்களை நிதானமாகப் படியுங்கள். கல்லைப் பாவியவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அவற்றைத் தேட வேண்டிய இடம் காலையில் நீங்கள் கண்ட அந்தச் செங்கல் ஆலை.