சென்னைக் கோட்டையில் விலைபோன வைரம்

வைரம் என்றதும் நம்மவர்கள் கோகினூரைத்தான் சொல்வார்கள். நம் சென்னப்பட்டினத்திலேயே பேரம் பேசி முடித்த உலகப் புகழ் வைரம் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. முதலில் 'பிட் வைரம்', பிறகு 'ரீஜன்ட்' என்று பெயர் பெற்றது அது.

தாமஸ் பிட் என்பவர் 1698 ஜூலையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக வந்தார். பிரேசிலில் 1720களில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்கு நம் நாட்டுக் கல்தான். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கக் கற்கள் சென்னைக்கு விலைக்கு வரும். 1701 கடைசியில் ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி, பட்டை தீட்டாத ஒரு கல்லைக் கொண்டுவந்தார். எடை சுமார் 303 மஞ்சலின், அதாவது 400 காரட்டுக்கு மேல். 'மஞ்சலின்' ஏதோ வெள்ளைக்காரச் சொல் என்று எண்ண வேண்டாம். நம் மஞ்சாடிதான். குருவாயூரில் குழந்தைகள் உருளியில் அளையும் அந்தச் சிவப்பு விதையே அன்று வைரத்துக்கு எடைக்கல்!

ஜாம்சந்த் கேட்டது 2,00,000 வராகன். பேரம் மாதக்கணக்கில் இழுத்தது. 1702இல் 48,000 வராகனுக்கு முடிந்தது. இங்கிலாந்துக் கணக்கில் சுமார் 20,400 பவுண்டு. ஏன் இப்படி இறங்கியது? அவ்வளவு பெரிய கல்லை வாங்க வசதியுள்ளவர் சிலரே. அதிலும் வாங்குபவர் ஆளுநர். ஒரே ஆள் விலை சொன்னால் விற்பவன் பாடு என்னவாகும் என்று, ஏலக்காய் விற்ற நம் மலைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆனாலும் வாங்கியவருக்கும் ஆபத்து இருந்தது. பட்டை போடும்போது கல் விரிசல் விட்டால் முதலுக்கே மோசம். லண்டனில் சுமார் இரண்டு வருஷம் தீட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்து, மிஞ்சியது 140.64 காரட். அதாவது 28 கிராம், மூன்றரைப் பவுன் நிறை. நைட்ரஜன் கலப்பு அநேகமாக இல்லாத கோல்கொண்டா வகை என்பதால் தெளிந்த நீர் போன்ற வெண்மை.

அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்துக் கல்லை ஒளித்துக் கடத்தினான், அவனைக் கொன்று பறித்தார்கள் என்றெல்லாம் கதை கட்டினார்கள். பிட் திருடினார் என்றும் வதந்தி. பொறுக்காமல் 1710இல், நேர்மையாக வாங்கினேன் என்று சத்தியம் செய்து எழுதிவைத்தார். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் 1,35,000 பவுண்டு விலைக்கு வாங்க, 'ரீஜன்ட்' ஆயிற்று. பதினைந்தாம் லூயியின் முடியில் ஏறியது. 1792இல் களவுபோய், அடுத்த ஆண்டு மீண்டது. நெப்போலியனின் வாளிலும் இருந்தது. 1887இல் அரச நகைகளை ஏலம் விட்டபோதும் இதைமட்டும் விற்காமல் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கினார்கள். 2025 அக்டோபர் 19இல் அங்கே நடந்த கொள்ளையிலும் தப்பியது.

பிட்டின் பேரன், கொள்ளுப்பேரன் இருவருமே இங்கிலாந்தின் பிரதமர்கள். அந்தக் குடும்பத்தின் உயர்வுக்கு இந்தக் கல் ஒரு முக்கிய முதல். ஜாம்சந்தின் சந்ததி பற்றி அதிகம் தெரியவில்லை. தன் நேர்மையை நிலைநாட்ட பிட் எழுதிய அந்த வாக்குமூலத்தில் ஜாம்சந்தின் பெயரும், அவர் முதலில் கேட்ட விலையும் பதிவாகி நிற்கின்றன. ஆகவே அன்பர்களே, பேரக் கணக்கை எழுதிவையுங்கள். கல் கைமாறும், விற்றவன் பெயர் கணக்கில்தான் மிஞ்சும்.