மிதிவண்டிப் பயணப்படி

மிதிவண்டிப் பயணப்படி என்பது, வீட்டிலிருந்து பணியிடத்திற்கு மிதிவண்டியில் வந்துபோகும் ஊழியருக்கு, அவர் கடக்கும் தொலைவைக் கிலோமீட்டர் கணக்கில் அளந்து, வேலையளிப்பவர் சம்பளத்துடன் சேர்த்து வழங்கும் தொகையாகும். பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளில் இது வருமானவரிச் சட்டத்தில் இடம்பெற்ற ஏற்பாடாக உள்ளது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்க பிற ஊக்கங்களும் உண்டு: மிதிவண்டியைச் சம்பளத் தவணையில் வாங்கித் தருதல், வாகன நிறுத்தத்தைப் பயன்படுத்தாதவருக்கு அதன் மதிப்பைப் பணமாகத் தருதல், நடந்து வருவோருக்குத் தனிப்படி வழங்குதல் என்பன அவற்றுள் முதன்மையானவை.

இத்தகைய படி மேலோட்டமான பார்வைக்கு ஒரு கூடுதல் சலுகையாகத் தோன்றினாலும், காரில் வருவோர் ஏற்கெனவே பெற்றுவரும் மறைமுக உதவியை ஈடுசெய்வதே அதன் பொருளியல் அடிப்படையாகும். நிலத்தின் விலை மிகுந்த நகரத்தில் அலுவலகம் இலவசமாகத் தரும் ஒரு கார் நிறுத்துமிடம், கணக்கில் எழுதப்படாத சம்பளமே. பேருந்திலோ நடந்தோ வருபவருக்கு அது கிடைப்பதில்லை. இந்தக் கருத்தை விரிவாக வாதிட்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நகரத் திட்டமிடல் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் ஆவார். காற்று மாசு வரம்பை மீறிய பகுதிகளில் 50 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்து, வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடத்தை ஊழியருக்கு இலவசமாக விடும் நிறுவனங்கள், அவ்விடம் வேண்டாதவருக்கு அதன் மதிப்பைப் பணமாகத் தரவேண்டும் என்று கலிபோர்னியா 1992இல் சட்டம் இயற்றியது. இச்சட்டத்தைப் பின்பற்றிய எட்டு நிறுவனங்களை ஷூப் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தனியாளாகக் காரோட்டி வந்தவர்களின் பங்கு 76 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் நடந்தும் மிதிவண்டியிலும் வந்தவர்களின் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுப் புள்ளி மட்டுமே உயர்ந்தது. தனியாளாகக் காரோட்டுவதைக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் பிறருடன் காரைப் பகிர்ந்துகொண்டனர் அல்லது பொதுப் போக்குவரத்திற்கு மாறினர். பணம் கொடுத்துவிட்டால் எல்லாரும் மிதிவண்டி ஏறிவிடுவர் என்று நம்புவோர் இந்த எண்களைக் கவனிப்பது நல்லது.

இவ்வகை ஊக்கம் மிக நீண்ட காலமாகவும் தொடர்ச்சியாகவும் செயல்பட்டுவரும் நாடுகளுள் பெல்ஜியம் ஒன்று. 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பணிக்கு மிதிவண்டியில் வருவோர் பெறும் படியை, கிலோமீட்டருக்கு 6 பெல்ஜியப் பிராங்கு, அதாவது சுமார் 0.15 யூரோ வரை வருமானவரியிலிருந்து விலக்கியது. விலைவாசிக்கேற்ப உயர்ந்துவந்த இவ்வரம்பு, 2024இல் ஆண்டு உச்சவரம்பு ஒன்றுடன் 0.35 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது. தொடக்கத்தில் படி தருவதும் தராததும் அந்தந்தத் தொழில்துறையின் அல்லது நிறுவனத்தின் விருப்பமாக இருந்தமையால், ஒரு துறை ஊழியருக்குக் கிடைத்தது மற்றொரு துறை ஊழியருக்குக் கிடைக்காத நிலை நீடித்தது. தொழிற்சங்கங்களும் வேலையளிப்போர் அமைப்புகளும் தேசியத் தொழிலாளர் மன்றத்தில் கையெழுத்திட்ட 164ஆம் எண் கூட்டு ஒப்பந்தம் இந்த இடைவெளியைப் பெருமளவு அடைத்தது. 2023 மே 1 முதல், வேறு ஏற்பாடு இல்லாத தனியார் நிறுவனங்கள் அனைத்தும் மிதிவண்டியில் முறையாக வரும் ஊழியருக்குக் கிலோமீட்டருக்கு 0.27 யூரோ வீதம், ஒரு வழிக்கு 20 கிலோமீட்டர் வரை தரவேண்டும் என்று அது விதித்தது. பத்து கிலோமீட்டர் தொலைவில் வசித்து மாதத்தில் இருபது நாள் வந்துபோகும் ஒருவருக்கு 2023 வீதப்படி இது 108 யூரோ ஆகிறது. வரிப்பிடித்தம் இல்லாமல் கைக்கு வரும் தொகை என்பதால், அதே அளவு சம்பள உயர்வைவிட இதன் மதிப்பு கூடுதலாகும்.

அதே பெல்ஜியத்தில், சம்பளத்தின் ஒரு பகுதியாக நிறுவனம் காரும் எரிபொருளும் வழங்கும் வழக்கம், அதற்குரிய வரிச்சலுகையின் துணையால் வேரூன்றியிருக்கிறது. ஒரு கையால் காரையும் மறு கையால் மிதிவண்டிப் படியையும் நீட்டும் இந்த முரணைத் தீர்க்க எடுத்த முதல் முயற்சி, காரைத் திருப்பித் தருபவருக்கு அதன் மதிப்பைப் பணமாகத் தர 2018இல் வகைசெய்த சட்டமாகும். அதை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 சனவரியில் செல்லாது என்றது. இதற்கிடையே 2019 மார்ச்சில் வந்த இன்னொரு சட்டம் ‘நகர்வு நிதி’ என்ற முறையை உருவாக்கியது. காரை விட்டுக்கொடுக்கும் ஊழியர் அதன் ஆண்டுச் செலவுக்கு நிகரான நிதியை மிதிவண்டிக்கும் தொடர்வண்டிப் பயணச்சீட்டுக்கும் பயன்படுத்தலாம். பணியிடத்திற்கு அருகில் குடியிருந்தால் வீட்டு வாடகைக்கும் பயன்படுத்தலாம். இந்த அருகமைவு முதலில் 5 கிலோமீட்டராகவும், 2022 முதல் 10 கிலோமீட்டராகவும் வரையறுக்கப்பட்டது. பயணத்தை மாற்றுவதோடு நில்லாமல் பயணத்தின் நீளத்தையே குறைக்கப் பணம் தரும் இந்த விதி, இத்துறையில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிகவும் நுட்பமானது எனலாம்.

படிக்கான வரிவிலக்கு வரம்பு பெல்ஜியம் முழுவதும் ஒன்றே ஆயினும் பயன் ஒன்றாக இல்லை. சமவெளியாகவும் தனிப்பாதைகள் நிறைந்ததாகவும் உள்ள பிளாண்டர்சுப் பகுதியில் மிதிவண்டியில் பணிக்குச் செல்வோர் மிகுதி. மேடுபள்ளமும் சிதறிய குடியிருப்பும் கொண்ட வலோனியாப் பகுதியில் அவர்கள் சொற்பம். பாதுகாப்பான பாதை, பூட்டி வைக்கும் கொட்டகை, குளித்து உடை மாற்ற இடம் ஆகியவை இல்லாத இடத்தில் படி தனித்து நின்று பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. பிரான்சு 2014இல், சுமார் 8,000 ஊழியர்களைக் கொண்ட 18 நிறுவனங்களில் கிலோமீட்டருக்கு 0.25 யூரோ கொடுத்து ஆறு மாதம் சோதித்தபோது மிதிவண்டியில் வந்தோர் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது. ஆனால் புதிதாக மாறியவர்களில் பெரும்பகுதியினர் காரிலிருந்து அல்லாமல் பொதுப் போக்குவரத்திலிருந்து வந்தவர்கள்.

பிரித்தானியாவில் 1999 முதல் நடைமுறையிலுள்ள திட்டம் வேறு வழியில் செல்கிறது. நிறுவனம் மிதிவண்டியை வாங்கி ஊழியருக்கு வாடகைக்கு விட, வாடகை வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வரி விகிதம் உயர உயரச் சேமிப்பும் உயர்வதாலும், கழிவுக்குப்பின் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்திற்குக் கீழே இறங்கக்கூடாது என்பதாலும், மலிவான பயணம் மிகவும் தேவைப்படும் அடிநிலை ஊழியர்களே இதில் விடுபட்டுப்போகிறார்கள். அமெரிக்காவில் மாதம் 20 டாலர் வரை வரிவிலக்குடன் ஈடுசெய்யும் விதி, 2008ஆம் ஆண்டின் வங்கி மீட்புச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கார் நிறுத்தத்திற்கான அதேவகை விலக்கு அப்போதே 200 டாலரைத் தாண்டியிருந்தது. அவ்விதி 2018இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2025இல் அறவே நீக்கப்பட்டது.

நடந்து செல்வோரை இத்திட்டங்களில் பெரும்பாலானவை கண்டுகொள்வதில்லை. விற்கவோ வாடகைக்கு விடவோ ஒரு பொருள் இல்லாத பயணத்திற்காக வாதாட எந்த வணிகரும் முன்வருவதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். செருமனியில் 2001 முதல் பணிப்பயணத்திற்கான வருமானவரிக் கழிவு எவ்வழியில் சென்றாலும் தொலைவைப் பொறுத்தே கணக்கிடப்படுவதால், நடப்பவரும் அதைக் கோர முடிகிறது. பெல்ஜியத்தின் நகர்வு நிதியிலும் நடப்போருக்கான படி பின்னர் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் நிலைமை தலைகீழானது. வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் சாராத தொழிலாளர்களில் சுமார் 23 விழுக்காட்டினர் நடந்தும் 13 விழுக்காட்டினர் மிதிவண்டியிலும் வேலைக்குச் சென்றதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எந்த ஊக்கத்தொகையும் அவர்களை அவ்வாறு செல்லவைக்கவில்லை. ஒன்றிய அரசு தன் ஊழியருக்கு வழங்கும் மிதிவண்டிப்படியும் பணிக்கு வந்துசேர்வதற்கானது அன்று, பணியின்போது மிதிவண்டி ஓட்டுவதற்கானது. ஏழாம் ஊதியக்குழு அதை நீக்கப் பரிந்துரைத்தபோதிலும், தபால்காரர்களுக்கும் இரயில் பாதைப் பராமரிப்பாளர்களுக்கும் அது தேவை எனக் கருதிய அரசு, 2017இல் மாதம் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக உயர்த்தி அதைத் தக்கவைத்தது.