உணவு வேட்கை மாற்றம்

உணவு வேட்கை என்பது ஒரு குறிப்பிட்ட உணவை உண்ண வேண்டும் என எழும் வலிமையான விருப்பம் ஆகும். இது பசியிலிருந்து வேறுபட்டது. பசி எவ்வுணவாலும் தணியும்; வேட்கை தான் விரும்பிய உணவையே நாடும். பதப்படுத்தப்பட்ட உணவைக் குறைத்து எளிய உணவுக்கு மாறுவோரிடம் இவ்வேட்கையும் காலப்போக்கில் மாறக்கூடும். எனினும் உப்பு விருப்பமும் இனிப்பு விருப்பமும் ஒரே வகையில் மாறுவதில்லை.

உணவு வகைப்பாடு

பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோசு மொன்டேய்ரோ 2009 ஆம் ஆண்டு முன்வைத்த கருத்திலிருந்து உருவான நோவா முறை, உணவுகளை 4 பிரிவுகளாகப் பகுக்கிறது. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை உணவுகளை அம்முறையில் பின்வருமாறு அடக்கலாம்.

1. பதப்படுத்தாதவை: பச்சை மீன், நுங்கு, பனங்கிழங்கு, சித்திரைக்கார் அரிசி
2. சமையல் சேர்பொருட்கள்: வாலிநோக்கம் உப்பளங்களில் விளையும் உப்பு, கருப்பட்டி
3. பதப்படுத்தியவை: உப்பிட்டு உலர்த்திய கருவாடு
4. மிகை பதப்படுத்தியவை: குளிர்பானம், உடனடி நூடுல்ஸ், பொதியிட்ட நொறுக்குத்தீனி

மண்டபம் பகுதியில் வளர்க்கப்படும் கப்பாபைக்கசு கடற்பாசியிலிருந்து கராஜீனன் என்னும் கெட்டிப்படுத்தும் பொருள் எடுக்கப்படுகிறது. ஐஸ்கிரீம் முதலிய 4 ஆம் பிரிவு உணவுகளில் இது சேர்க்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

உப்பு விருப்பம்

உப்புச் சுவையின் விருப்ப அளவு பெரிதும் பழக்கத்தைச் சார்ந்தது. மேரி பெர்ட்டினோ, கேரி போஷாம்ப், கார்ல் எங்கல்மன் ஆகியோர் 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 5 மாதங்கள் சோடியம் குறைந்த உணவை உண்டவர்கள் முன்னைவிட உப்புக் குறைந்த சூப்பையும் பிஸ்கட்டையும் விரும்பத் தொடங்கினர். தொடக்கத்தில் சப்பென்று தோன்றும் உணவு, சில வாரங்கள் முதல் சில மாதங்களில் இயல்பான சுவையுடையதாக உணரப்படுகிறது.

உலக சுகாதார அமைப்பு வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. மரபுணவு என்பதால் மட்டும் உப்புக் குறைந்துவிடாது என்பதற்குக் கருவாடு சான்றாகும். சமைக்குமுன் அதனை நீரில் ஊறவைத்துக் கழுவுவதால் உப்பின் ஒரு பகுதி நீங்கும். புளி, இராமநாதபுரம் குண்டு மிளகாய் போன்றவற்றின் சுவை, குறைந்த உப்புக்குப் பழகும் காலத்தில் துணைசெய்யும்.

இனிப்பு விருப்பம்

இனிப்பின் நிலை வேறு. பால் வைசு, போஷாம்ப் முதலியோரின் 2016 ஆம் ஆண்டு ஆய்வில், 3 மாதங்கள் எளிய சர்க்கரையைக் குறைத்தவர்கள் அதே இனிப்புணவை முன்னைவிட அதிக இனிப்பாக உணர்ந்தனர். ஆனால் அவர்கள் மிக விரும்பிய இனிப்பின் அளவு குறையவில்லை. விரும்பியதை உண்ணலாம் என விடப்பட்டபோது அவர்களின் சர்க்கரை நுகர்வு மீண்டும் உயர்ந்தது. நாவின் உணர்வு மாறினாலும் விருப்பம் உடன் மாறுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாகக் கருப்பட்டியைக் கொள்வது நலம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. பதநீரைக் காய்ச்சிப் பெறப்படும் கருப்பட்டியில் சில தாது உப்புகள் இருப்பினும், அதன் பெரும்பகுதி சுக்குரோசே ஆகும். எனவே அது குருதிச் சர்க்கரையை உயர்த்தும்; இனிப்புப் பழக்கத்தையும் தொடரச் செய்யும். நீரிழிவு நோயாளிகள் அதனைத் தீங்கற்றதெனக் கருதுவது தவறாகும்.

உண்ணும் அளவு

சுவை மட்டுமே உண்ணும் அளவைத் தீர்மானிப்பதில்லை. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 20 பேர் மிகை பதப்படுத்திய உணவையும் பதப்படுத்தாத உணவையும் தலா 2 வாரங்கள் உண்டனர். இருவகை உணவும் ஏறத்தாழ ஒரே அளவு சுவையானதாகவே மதிப்பிடப்பட்டன. ஆயினும் மிகை பதப்படுத்திய உணவை உண்டபோது நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கிலோகலோரி கூடுதலாக உட்கொண்டனர். அவ்வுணவை அவர்கள் விரைவாக உண்டதும் கண்டறியப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

வேட்கை குறைய வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பதால், முதல் சில நாட்களின் துன்பத்தைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. உப்பைச் சிறிது சிறிதாகக் குறைப்பது எளிது. இனிப்பைப் பொருத்தவரை, அது எளிதில் கைக்கெட்டாதவாறு வைப்பது துணைபுரியும். இன்சுலின் ஏற்றுக்கொள்வோர் உணவைத் திடீரென மாற்றினால் குருதிச் சர்க்கரை மிகவும் குறைந்துவிடக்கூடும். ஆகவே அவர்கள் மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே மாற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- சுவை
- கருப்பட்டி
- கருவாடு
- நீரிழிவு நோய்